பதிமூன்றாவது பாட்டு

போன மாதம் நம் பள்ளிக்கூடக் குழுவில் ஒருத்தி ஒரு பாட்டுத் தொகுப்பை அனுப்பினாள். எண்பதுகளில் வந்த ஹிட் பாட்டுகள், மொத்தம் நூறு. மேலே பழைய டேப் ரிக்கார்டர் படம், பக்கத்தில் கேசட்டில் பென்சிலைச் செருகிச் சுற்றுகிற ஒரு கை. அன்று சாயந்திரம் வரைக்கும் குழுவில் வேறு பேச்சே இல்லை. ஒருத்தி பாட்டுக் கேட்டுக்கொண்டே பாலைப் பொங்கவிட்டுவிட்டாளாம். இன்னொருத்தி வீட்டுக்காரரையும் பிடித்து உட்காரவைத்து ஐம்பது பாட்டு வரைக்கும் கேட்டாளாம். இதயம் இதயமாகப் போட்டுத் தள்ளினீர்கள். நான் ஒன்றும் போடவில்லை. மூன்றாம் நாள் உங்களில் ஒருத்தி தனியாக எழுதிக் கேட்டாள்: "ஏண்டி, ஆறாவது படிக்கறப்ப நீதான பாட்டுப் பைத்தியம்? இப்ப என்ன வாயில கொழுக்கட்டையா?"

கொழுக்கட்டைதான். நாற்பது வருடமாக வாயில் கிடக்கிறது. ஐம்பதைத் தாண்டி, சர்க்கரை மாத்திரையும் போட ஆரம்பித்த பிறகு இதையாவது துப்பிவிடலாம் என்று தோன்றியது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நூறு பாட்டில் ஒன்றின் பெயரைப் பார்த்ததும் நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அதன் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதாவிட்டாலும் உங்களுக்குத் தெரிந்துவிடும். நாம் ஆறாம் வகுப்பில் சேர்ந்த வருடம், மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் வேப்பமரத்தடியில் டிபன் பாக்ஸ் மூடியில் தாளம் போட்டுப் பாடுவோமே, அது. ஒருவன் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டே போய்விடலாம் என்று பாடுகிற பாட்டு. நமக்கு அர்த்தமா தெரியும்? நடுவில் டிரம் அடிக்கிற இடம் பிடிக்கும், அவ்வளவுதான்.

நீங்கள் எல்லாம் திருச்செங்கோடு டவுன் பிள்ளைகள். நான் சங்ககிரி ரோட்டில் பஸ் ஒரு நிமிடம் நின்று போகும் ஊரிலிருந்து வருகிறவள். அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து ஒரு ரிக் வண்டி வைத்திருந்தார்கள், ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் லாரி. தீபாவளி முடிந்ததும் அப்பா வண்டியோடு வடக்கே கிளம்பினால், அங்கே மழை பிடித்த பிறகு ஆனி மாதத்தில்தான் ஊர் திரும்புவார். அதுவரை பெரியப்பா எங்களைப் பார்த்துக்கொள்வார். எங்கள் வீட்டுக்கு யார் வந்தார்கள், அம்மா எந்த வழியாகச் சந்தைக்குப் போனாள், அக்கா எத்தனை மணி பஸ்ஸில் இறங்கினாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது தூக்கிக்கொண்டு ஓடியவரும் அவர்தான்.

அந்த வருடம் அப்பா வந்தபோது வண்டியில் நாக்பூரில் வாங்கிய டேப் ரிக்கார்டர் ஒன்று வந்தது. கோணிச் சாக்கில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் குழந்தை மாதிரி படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தார். சாக்கைப் பிரித்ததும் கிரீஸ் வாசமும் பாறைத் தூள் வாசமும் அடித்தது. எங்களுக்கு அப்பாவின் வாசமே அதுதான். மேலே கைப்பிடி, இரண்டு பக்கமும் வலைபோட்ட ஸ்பீக்கர், நடுவில் பல் வரிசை மாதிரி பட்டன்கள்.

அதே வாரம் அக்காவின் பிளஸ் டூ மார்க் ஷீட்டும் வந்தது. அவள்தான் பள்ளிக்கூடத்திலேயே முதல். சேலத்தில் பெண்கள் காலேஜில் பி.எஸ்சி. இடமும் கிடைத்துவிட்டது. ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். எங்கள் வீட்டில் பெண் ஒருத்தி ஹாஸ்டலுக்குப் போவது அதுதான் முதல் தடவை.

"பொட்டப்புள்ளையத் தனியா சேலத்துல உட்டுட்டு, நீ பாட்டுக்கு வடக்க போயிருவ. நாளைக்கு ஒண்ணுன்னா ஆருடா பதில் சொல்றது?" என்றார் பெரியப்பா.

"மூணு வருசம்தானுங்கண்ணா. புள்ளை ஆசப்படுது," என்றார் அப்பா. அண்ணன் பேச்சுக்கு அவர் எதிர்ப்பேச்சு பேசி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அக்காவுக்கு டிரங்குப் பெட்டி வாங்கினார்கள். பச்சைப் பெட்டி. ரிக் வண்டிக்கு நம்பர் எழுதுகிற பெயிண்டரே வந்து மூடியின்மேல் வெள்ளை எழுத்தில் அவள் பெயரையும் அதன் கீழே பி.எஸ்சி. முதலாண்டு என்றும் எழுதினார். அது காய்வதற்கு முன்னால் நான் தொட்டுப் பார்த்து அம்மாவிடம் முதுகில் ஒன்று வாங்கினேன். இன்றைக்கும் அந்த முதல் எழுத்தில் என் விரல் பட்ட இடம் சப்பையாக இருக்கிறது.

"வேற என்ன வேணும் சாமி, கேளு," என்றார் அப்பா.

"எனக்குன்னு ஒரு கேசட்டுங்கப்பா. நானே பாட்டுப் பொறுக்கிப் பதியறது," என்றாள் அக்கா.

அப்போதெல்லாம் அதுதானே வழக்கம். கடையில் ஒரு படத்துப் பாட்டு முழுவதும் உள்ள கேசட் கிடைக்கும். அதில் நமக்குப் பிடித்தது இரண்டுதான் இருக்கும். பிடித்ததை எல்லாம் ஒன்றாகக் கேட்க வேண்டுமென்றால் காகிதத்தில் எழுதி ரிக்கார்டிங் சென்டரில் கொடுக்க வேண்டும். நம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், வளையல் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் ஒன்று இருந்ததே, கண்ணாடித் தடுப்பு வைத்தது. அதை நடத்திய அண்ணன் சேலத்துக்காரர். இருபத்தைந்து வயது இருக்கலாம். கழுத்தில் கறுப்பு ஹெட்போன் மாலை மாதிரி தொங்கும். சுவரில் மாதா படம், அதற்கு முன்னால் இரவு பகல் பாராமல் எரிகிற சின்னச் சிவப்பு பல்ப். இசைத்தட்டை உறையிலிருந்து உருவி, விளிம்பை மட்டும் இரண்டு உள்ளங்கையால் பிடித்து, சட்டை நுனியால் ஒரு சுற்றுத் துடைத்து வைப்பார். அதைப் பார்ப்பதற்காகவே நான் பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறேன்.

அக்கா பாட்டுப் பொறுக்க மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். அறுபது நிமிட கேசட். ஒரு பக்கத்துக்கு ஆறு பாட்டு, ஆக மொத்தம் பன்னிரண்டு. எழுதுவாள், அடிப்பாள், வாயைத் திறக்காமல் உள்ளுக்குள்ளேயே முழுப் பாட்டையும் பாடிப் பார்ப்பாள், திரும்ப எழுதுவாள். எல்லாம் மெதுவான பாட்டுகள். மழைக்கு ஒன்று, தூளிக்கு ஒன்று, வயலின் மட்டும் நீளமாக வருகிற ஒன்று. "அக்கா, அக்கா, அந்த டிரம்மு பாட்டு ஒண்ணே ஒண்ணு," என்று நான் கெஞ்சினேன். "அது கத்தற பாட்டு. போடி," என்று சொல்லிவிட்டாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அந்த டேப் ரிக்கார்டரையும் அவள் என்னைத் தொடவிடுவதில்லை.

நான் தினமும் டவுனுக்குப் பள்ளிக்கூடம் வருகிறவள் என்பதால் பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. கடை அண்ணன் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் அது ஓடும் நிமிடத்தையும் விநாடியையும் எழுதினார். பாதியில் பேனாவை நிறுத்தினார்.

"இது யார் எழுதினது பாப்பா?"

"எங்கக்காங்க."

"நல்ல காது உங்க அக்காவுக்கு," என்றார்.

வீட்டுக்கு வந்து, அம்மாவும் இருக்கும்போது, இதை அப்படியே ஒப்பித்தேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குச் சந்தோஷம் என்பது எனக்கே தெரிந்தது. அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

இங்கேதான் நீங்களும் வருகிறீர்கள். அதற்கு நடுவில் ஒரு நாள் வேப்பமரத்தடியில், "எங்க வீட்டு கேசட்டுல அந்தப் பாட்டு இருக்குது" என்று உங்களிடம் அளந்துவிட்டிருந்தேன். உங்களில் இரண்டு பேர் என்னைப் புளுகுணி என்றீர்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. புளுகினது நான்தான்.

ஒரு வாரம் கழித்து கேசட் வாங்கப் போனேன். கடை அண்ணன் அட்டையில் பன்னிரண்டு பாட்டையும் நீல மையில் எழுதி வைத்திருந்தார். அப்படி ஒரு கையெழுத்தை நான் நம் தமிழ் டீச்சரிடம்கூடப் பார்த்ததில்லை.

"பி பக்கத்துல கடைசியில நாலரை நிமிஷம் சும்மா இருக்கு பாப்பா. இன்னொரு பாட்டு உக்காரும். அக்காகிட்டக் கேட்டுட்டு நாளைக்கு வா."

கேட்டுவிட்டு வந்திருக்கலாம். கேட்டால் அக்கா இன்னொரு வயலின் பாட்டு சொல்வாள் என்று எனக்குத் தெரியும். "அக்கா அப்பவே சொல்லிட்டாங்க," என்று டிரம் பாட்டின் பெயரைச் சொன்னேன்.

அவர் புருவத்தைத் தூக்கினார். "இதுவா? அந்தப் பன்னெண்டோட இது ஒட்டாதே." கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "அக்கா கேட்டாங்களா, பாப்பா கேக்குதா?" என்று சிரித்தார். நான் காலால் தரையைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். அவர் தட்டை எடுத்துத் துடைத்து வைத்தார். நாலரை நிமிடம் கண்ணாடிக்கு வெளியே நின்று, சத்தம் கேட்காமலேயே அந்தப் பாட்டைப் பார்த்தேன். பதிகிற மெஷினில் சத்தத்தைக் காட்டும் இரண்டு சிவப்பு முள்ளும் டிரம் வரும் இடத்தில் குதித்தன.

முடிந்ததும் அட்டையில் எழுதப் பேனாவை எடுத்தார்.

"எழுத வேண்டாமுங்கண்ணா."

"ஏன்?"

"ஊட்ல திட்டுவாங்க."

அவர் தலையை ஆட்டிப் பேனாவை மூடினார். பிறகு ஸ்க்ரூ டிரைவர் முனையால் கேசட்டின் முதுகில் இருந்த இரண்டு பிளாஸ்டிக் பல்லையும் உடைத்தார். "இனிமே இதுமேல யாரும் அழிச்சுப் பதிய முடியாது," என்று கையில் கொடுத்தார்.

என் கணக்கு எளிமையானது. பன்னிரண்டாவது பாட்டு முடிந்ததும் அக்கா நிறுத்திவிடுவாள். அட்டையில் இல்லாத பாட்டை அவள் தேட மாட்டாள். ஹாஸ்டலுக்கு டேப் ரிக்கார்டரைக் கொண்டுபோக விட மாட்டார்கள், அவள் போன பிறகு அந்தக் கடைசி நாலரை நிமிடம் எனக்கு. மூன்று வாரம் அப்படித்தான் நடந்தது. பன்னிரண்டாவது பாட்டின் கடைசிக் குழலோசை அடங்குவதற்குள் எங்கிருந்தாலும் ஓடிவந்து பட்டனை அமுக்கிவிடுவாள். டேப் தேயக்கூடாதாம்.

காலேஜ் திறக்கப் பத்து நாள் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து தூறல். வாசலில் ரிக் வண்டியைப் பிரித்துப் போட்டு ஆட்கள் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா வந்து இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். அப்பா ஏதோ ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தார். ஜன்னலில் டேப் பாடிக்கொண்டிருந்தது. அக்கா உள்ளே ஆட்டுக்கல்லில் மாவாட்டிக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டாவது பாட்டு முடிந்தது. கை முழுக்க மாவு, அக்காவால் வர முடியவில்லை. "அதை நிறுத்துடி," என்று உள்ளேயிருந்து கத்தினாள். நான் டேப்புக்குப் பக்கத்தில்தான் நின்றேன். உஸ்ஸென்று வெறும் இரைச்சல். எட்டுப் பத்து விநாடி இருக்கும். பட்டனுக்கும் என் விரலுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. இதை இத்தனை வருடத்தில் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று சொல்ல முடியாது. நான் நிறுத்தவில்லை. எனக்கு அந்தப் பாட்டைக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

பாட்டு வந்தது. வண்டிக்கு அடியில் படுத்திருந்த ஆள் ஒருவன் விசில் அடித்தான். வேறு ஒருவன் சிரித்தான். பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்தார். ஊரைவிட்டுப் போகலாம் என்று அவன் பாடுகிற வரி இரண்டாம் முறை வரும்போது எழுந்து வந்து பட்டனை அவரே அமுக்கினார்.

"இது ஆரு எழுதிக் குடுத்த பாட்டு?"

அக்கா மாவுக் கையோடு வாசலுக்கு வந்தாள். "நான் எழுதலீங்க பெரியப்பா," என்றாள். அட்டையை எடுத்துக் காட்டினாள். "பாருங்க, பன்னெண்டுதான் இருக்குது." நல்லவளாக இருந்து தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டாள். நான்தான் எழுதினேன் என்று அவள் ஒத்துக்கொண்டிருந்தால் இரண்டு திட்டோடு போயிருக்கும்.

"நீ எழுதலீன்னா அவனாப் போட்டிருக்கறான். போட்டவன் அட்டையில ஏன் எழுதல? கேக்கறவளுக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்னுதான?"

அம்மாவுக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. "நல்ல காதுன்னு வேற சொல்லியுட்டானாமுங்க மாமா," என்றாள்.

நான் ஆட்டுக்கல்லுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் சாயந்திரம் பள்ளிக்கூட வாசலில் பெரியப்பாவின் ஜீப் நின்றது, உள்ளே அப்பாவும் இருந்தார். நீங்கள் பார்த்திருப்பீர்கள். என்னை ஏற்றிக்கொண்டு நேராக ரிக்கார்டிங் சென்டருக்குப் போனார்கள். கடை அண்ணன் எழுந்து நின்று, "வாங்க," என்றார்.

"பன்னெண்டு எழுதிக் குடுத்தா பதிமூணு எப்பிடிப்பா வந்துச்சு?" என்றார் பெரியப்பா.

"மிச்ச இடம் இருந்ததுங்க. பாப்பாதான் வந்து..."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா குனிந்து என் முகத்துக்கு நேராக வந்தார். மீசையில் பீடி வாசம். "நீ சொன்னியா கண்ணு? பயப்படாமச் சொல்லு. அப்பா இருக்கறன்."

அதைவிட நல்ல வாய்ப்பு ஒரு பிள்ளைக்கு யாரும் தர முடியாது. நான் பெரியப்பாவின் செருப்பைப் பார்த்தேன்.

"இல்லீங்கப்பா," என்றேன்.

அப்பா நிமிர்ந்தார். "எம்புள்ள பொய் சொல்லாதுங்கண்ணா."

கடை அண்ணன் என்னைப் பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை. தட்டில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். பிறகு, "நானாத்தாங்க போட்டேன். எடம் மிச்சம் இருந்தா எதாவது ஒண்ணு போட்டுக் குடுக்கறதுதான். தப்புன்னா மன்னிச்சுக்கங்க," என்றார்.

அந்த மனிதர் என்ன நினைத்தார் என்பது இப்போது எனக்குப் புரிகிறது. பிள்ளை பயந்து நடுங்குகிறது, பழியை நாம் ஏற்றுக்கொண்டால் இதோடு முடிந்துவிடும் என்று நினைத்திருப்பார். எங்கள் ஊர் ஆட்களை அவருக்குத் தெரியாது. பெரியப்பா பளாரென்று ஒன்று வைத்தார். கழுத்து ஹெட்போன் கழன்று விழுந்து ஒயரில் தொங்கி ஆடியது. அப்பா பெரியப்பாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார். நான் கடைசியாக வெளியே வந்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. பஸ் ஸ்டாண்ட் கடைக்காரன் ஒருவன் நோட்டம் விட்டிருக்கிறான், இவளைச் சேலத்துக்கு அனுப்பினால் அவன் ஊருக்கே அனுப்பின மாதிரி என்று பெரியப்பா சொன்னார். இந்தத் தடவை அப்பா எதிர்த்துப் பேசவில்லை. காலேஜ் திறந்த அன்று அக்கா டிரங்குப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஆவணியில் கல்யாணம் என்று முடிவாயிற்று. மாப்பிள்ளை நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்தார், அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அந்த டிரங்குப் பெட்டியே சீர்ப் பெட்டியாயிற்று. வீணாக்குவானேன் என்று மூடியின் எழுத்துகள்மேல் பச்சைப் பெயிண்ட் அடித்தார்கள். ஒரு கை அடித்தும் எழுத்து மேடாகத் தெரிந்தது. இரண்டாவது கை அடித்தும் தெரிந்தது.

கேசட்டை அம்மா பெரியப்பாவிடம் கொடுத்துவிட்டாள். எங்கள் காடுகளில் ஒரு வழக்கம் உண்டு. கதிர் பிடித்த பயிருக்குக் குருவி வராமல் இருக்க, பழைய கேசட்டிலிருந்து டேப்பை உருவிக் குச்சிக்குக் குச்சி இழுத்துக் கட்டிவிடுவார்கள். வெயிலில் பளபளக்கும், காற்றடித்தால் ரீங்கென்று ஒரு சத்தம் போடும். குருவி மிரண்டு போய்விடும். பெரியப்பாவின் கம்பங்காட்டைச் சுற்றி அக்காவின் பாட்டைக் கட்டிவிட்டார்கள். நான் பஸ்ஸுக்குப் போகும் தடம் அந்தக் காட்டு ஓரமாகத்தான். காற்றடித்த நாளில் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவேன். அதில் எந்தத் துண்டு மழைப் பாட்டு, எந்தத் துண்டு என் பாட்டு என்று யாருக்கும் தெரியாது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று போனேன். அவள் முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "அம்மா, அந்தப் பாட்டு வந்து, நான்தான்..." என்றேன். என் வாயை மாவுக் கையால் பொத்தினாள். "பத்திரிகை குடுத்து முடிச்சாச்சு. இனி வாயத் தொறந்தீன்னா சூடு வெச்சுருவேன்," என்றாள். அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. அந்த ஒரு கையை வைத்துக்கொண்டு நான் நாற்பது வருடம் ஓட்டிவிட்டேன். சொல்லத்தான் போனேன், அம்மாதான் விடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அம்மா போயே பதினைந்து வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு என் வாயை யார் பொத்தினார்கள்?

தீபாவளிக்குள் ரிக்கார்டிங் சென்டர் காலியாகிவிட்டது. கட்டடத்துக்காரர் பெரியப்பாவுக்கு வேண்டியவர். அந்த இடத்தில் ஒரு செருப்புக் கடை வந்தது. மாதா படம் மாட்டியிருந்த ஆணி மட்டும் சுவரில் இருந்தது. அந்த அண்ணன் எங்கே போனார் என்று நான் விசாரிக்கவில்லை. கல்யாணமாகி அஸ்தம்பட்டிக்கு வந்து முப்பது வருடமாகச் சேலத்தில் இருக்கிறேன். கோயில் திருவிழாக் கூட்டத்தில், ஆஸ்பத்திரி வரிசையில், அறுபத்தைந்து வயது மதிக்கிற யாராவது நீல மையில் அழகாக எழுதுவதைப் பார்த்தால் வேறு வரிசைக்கு மாறிவிடுவேன்.

உங்கள் தொகுப்பு வந்த பிறகு இனிமேலும் தள்ளிப்போட முடியாது என்று நாமக்கல் பஸ் ஏறினேன். பஸ்ஸில் மூன்று தடவை ஒத்திகை பார்த்தேன். அக்கா, உன் படிப்பைக் கெடுத்தது நான்தான். இவ்வளவுதான், ஒரு வரி.

அக்காவுக்கு ஐம்பத்தேழு வயது. அவள் வீட்டுக்காரர் தவறி மூன்று வருடம் ஆகிறது, பண்ணையை மகன் பார்க்கிறான். அடுக்களையில் முட்டை அட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தாள். மூட்டு வலி, தாங்கித் தாங்கி நடக்கிறாள். காபி கொடுத்தாள். போனை எடுத்து, "நம்ம காலத்துப் பாட்டு, நூறு இருக்குது," என்றேன்.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பட்டியலைப் பார்த்தாள். விரலால் தள்ளித் தள்ளி ஓர் இடத்தில் நிறுத்தினாள். எந்த இடம் என்று எனக்குத் தெரியும்.

"இதைப் போடு சாமி."

போட்டேன். டிரம் வந்த இடத்தில் சிரித்தாள். அந்தக் கத்துகிற பாட்டுக்கு. இப்போது சொல்லிவிட வேண்டியதுதான் என்று, "அக்கா, அந்தக் கேசட்டுல இந்தப் பாட்டை..." என்று ஆரம்பித்தேன்.

"அந்தக் கடைக்காரரு போட்டது," என்றாள் அவள். "உனக்கும் ஞாபகம் இருக்குதா? நான் அந்த ஆளை ஒரு தடவகூடப் பாத்ததில்ல தெரியுமா. மூஞ்சி எப்பிடி இருக்கும்னே தெரியாது. என்ற எழுத்தைப் பாத்து, நான் பொறுக்கின பாட்டைப் பாத்து, இந்தப் புள்ளைக்கு இதையும் குடுத்துப் பாக்கலாம்னு ஒருத்தரு நெனச்சிருக்கறாரு பாரு. அதுக்கு அடியும் வாங்கிக்கிட்டாரு."

நான் போனில் சத்தத்தைக் குறைத்தேன்.

"அப்ப எனக்கு ஆத்தரமாத்தான் வந்துச்சு. இந்த ஆளாலதான காலேசு போச்சுன்னு. அப்புறம் இந்தப் பண்ணைக்கு வந்து, காலைல எந்திரிச்சா கோழி, பொழுதுக்கும் கோழி. ஆரும் உனக்கு என்ன புடிக்கும்னு கேட்டதில்ல. கேக்காம நெனச்சுப் பாத்ததுமில்ல. மினி பஸ்ல எப்பவாச்சும் இந்தப் பாட்டு வரும். எறங்கற எடத்தை உட்டுட்டு அடுத்த ஸ்டாப்பு வரைக்கும் போயிருவேன்."

மெல்ல எழுந்து உள்ளே போனாள். அந்தப் பச்சை டிரங்குப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. பத்திரங்களுக்கு அடியிலிருந்து ஒரு கேசட் அட்டையை எடுத்து வந்தாள். டேப்பைக் குருவிக்குக் கட்டிய அன்று டப்பாவைக் குப்பையில் போட்டார்கள், அட்டையை மட்டும் அவள் எடுத்து வைத்திருக்கிறாள். நீல மை கொஞ்சம் பழுத்திருந்தது. பன்னிரண்டு பாட்டு. அதற்குக் கீழே, அவர் எழுத்தைப் பார்த்து நிறுத்தி நிதானமாக எழுதிய மாதிரி, பென்சிலில் பதிமூன்று என்று எண் போட்டு அந்தப் பாட்டின் பெயர். அக்காவின் கையெழுத்து.

"ஆருகிட்டயும் காட்டுனதில்ல," என்றாள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? உங்களில் சிலர் சொல்வீர்கள், உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்று. அவள் படிப்பை ஒரு தடவை எடுத்தேன். பென்சிலில் எழுதிய அந்த ஒரு வரியையும் போய் அழிப்பதா? இது அவள்மேல் உள்ள பிரியம் என்று நினைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். ஆனால் அந்தக் கடையில் பெரியப்பாவின் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றபோது நாக்கு எப்படி ஒட்டிக்கொண்டதோ, அதே மாதிரிதான் அன்றைக்கும் ஒட்டிக்கொண்டது. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

கிளம்பும்போது தன் போனை நீட்டினாள். "நூறெல்லாம் எனக்கு எதுக்கு? இந்த ஒண்ணை மட்டும் இதுல போட்டுக் குடுத்துட்டுப் போ சாமி."

நாற்பது வருடத்துக்கு முன்னால் அவளைக் கேட்காமல் போட்ட பாட்டை, இந்தத் தடவை அவளே கேட்கப் போட்டுக் கொடுத்தேன். திருச்செங்கோட்டுப் பஸ்ஸா, சேலத்துப் பஸ்ஸா என்றுகூடப் பார்க்காமல் ஏறி, பாதி வழியில் இறங்கி மாற வேண்டியதாயிற்று.

குழுவில் அந்தப் பாட்டைப் பற்றி இனிமேல் பேச்சு வந்தால் நான் ஏன் வாயைத் திறப்பதில்லை என்று உங்களுக்குத் தெரியும். உங்களில் இரண்டு பேர் நாமக்கல்லில்தான் இருக்கிறீர்கள், அக்காவைக் கல்யாணம் காட்சியில் பார்ப்பீர்கள். அவளிடம் எதையும் சொல்லிவிடாதீர்கள். சொல்ல வேண்டியவள் நான். எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.